பதில் வராத விடுதி

கோமதி இறந்த செய்தி எனக்கு அவர் வீட்டிலிருந்து வரவில்லை. அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பேக்கரிக்காரர்தான் சொன்னார். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? நேத்தே எடுத்துட்டாங்களே." ஏற்காட்டில் ஏழு வருடம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து கணினி நிரல் எழுதியவர்கள் நாங்கள். எனக்குத் தெரியாது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் பிடிவாதமும் தெரியும். மலையிலுள்ள விடுதிகள் தங்கியிருப்போரின் பெயர்ப் பட்டியலைத் தினமும் அனுப்ப ஒரு செயலி செய்திருந்தோம். ஏதாவது விடுதி அனுப்பாவிட்டால் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. அதை ஆங்கிலத்தில் 'நல்' (null) என்போம். அதைத் தொட்டதுமே செயலி படுத்துவிடும். நான் ஒரே வரியில் சரிசெய்தேன்: நல் வந்தால் காலிப் பட்டியலாக எடுத்துக்கொள். அன்றைக்குப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. மீட்பு ஜீப்புகள் எங்கள் திரையைப் பார்த்துத்தான் கிளம்பின. தலைச்சோலை ஊரிலுள்ள ஒரு விடுதிக்கு நேரே "யாரும் இல்லை" என்றிருந்தது.

"யாரும் இல்லைன்னு அவங்க சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?" என்றார் கோமதி.

"பட்டியல் காலிங்க."

"காலி வேறங்க, வராதது வேற. வரலைன்னா போய்ப் பாக்கோணும்."

அவரே ஜீப்பில் ஏறினார். கரண்டும் டவரும் போன அந்த விடுதியில் நான்கு பேர் இருந்தார்கள். ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. "நொம்ப யோசிக்காதீங்க" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு நிரலைத் திறந்தார். காலிப் பட்டியலுக்கு "யாரும் இல்லை". நல் வந்தால் "பதில் வரவில்லை", பக்கத்திலேயே விடுதியின் ஃபோன் எண். செயலி விழவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது என்பார்.

இந்த வருடம் உடம்பு முடியாமல் சேலத்துக்குப் போனார். முதலில் தினமும் ஏதாவது எழுதுவார். பிறகு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நன்றாகத்தான் இருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது அறையில் பேச ஆளில்லை. செய்தி தெரிந்த அன்றே அவர் கணவரைக் கூப்பிட்டேன். "ஃபோனைப் புடிக்கத் தெம்பில்லீங்க அவளுக்கு. நீங்க கூப்புட்டீங்களான்னு மட்டும் கேட்டுட்டே இருந்தா" என்றார்.

யாரிடமிருந்தாவது இரண்டு நாள் பேச்சில்லை என்றால் இப்போது கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால் பஸ் ஏறுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம். அவருக்கு மட்டும் அது உதவவில்லை.