தையல் மெஷினுக்கடியில் ஒரு கோம்பை நாய்

வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு வாசல்தான் போர்டு, வாசல்தான் விளம்பரம். அந்த வாசலில் கடிக்கிற நாய் ஒன்று படுத்துக் கிடந்தால் பிழைப்பு எப்படி ஓடும் என்பது, என்னைப் போல அப்படி ஒரு ஜீவனை வைத்துக் காலம் தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்கள், "சங்கிலியில கட்டிப் போட வேண்டியதுதானே" என்பார்கள். சங்கிலி மாட்டப் போகிற கை யாருடையது என்று அவர்கள் யோசிப்பதே இல்லை. நாமும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிளவுஸை எடுப்போம்.

முதல் கடி

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கருக்கலில் மலைக்குப் போனால், பொழுது சாயத்தான் உத்தமபாளையம் திரும்புவார். பகலெல்லாம் நான் தனியாக இருக்கிறேன் என்று, தொண்ணூற்றெட்டு வாக்கில் கோம்பையிலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். செம்மண் நிறம். மூஞ்சி மட்டும் கரி பூசின மாதிரி. செவலை என்று பேர் வைத்தோம். என் மெஷினுக்கு அடியில், பெடலுக்குப் பக்கத்தில் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. கடைசி வரைக்கும் அதுதான் அதன் இடம்.

ஒரு வயது நெருங்கும்போது, கீழே விழுந்த லைனிங் துணியை எடுக்கக் குனிந்தேன். அது செவலையின் காலடியில் கிடந்தது. உறுமல்கூட இல்லை. இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே நான்கு பல். கடித்துவிட்டு அது ஓடவும் இல்லை, வாலை ஒடுக்கவும் இல்லை. அந்தத் துணியின் மேலேயே முன்னங்காலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. வலியை விட அந்தப் பார்வைதான் என்னை உலுக்கியது. சோறு போடுகிற கை என்பதெல்லாம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. மேல்தெருவிலிருந்து பிளவுஸ் வாங்க வந்திருந்த ஓர் அம்மா, என் கையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏ ஆத்தா, ஒன்னையவே விடல, எங்கள விடுமா? இனிமே நாங்க ரோட்டுலயே நிக்கிறோம், நீ துணிய வீசி எறி."

பதினோரு நாள் காவல்

கையில் கட்டுடன் நான் மெஷின் மிதிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஜெயமங்கலத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் அவருக்குப் பழக்கம். காவலுக்கு நல்ல நாயாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். செவலையை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் இரண்டு பேருமே கை வைக்கவில்லை. "அதுக்கு அங்கன நல்ல எடம் இருக்கு" என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு மினி லாரி வாசலில் நின்றது. பின்னால் செவலை, தனியாக, ராஜா மாதிரி. தோப்புக்காரர் இறங்கவே இல்லை. கதவைத் திறந்துவிட்டது என் வீட்டுக்காரர்தான். அது குதித்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக மெஷினுக்கடியில் போய்ப் படுத்தது. தோப்புக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "தோப்புக்குக் காவல் கேட்டேன் தம்பி. பதினோரு நாளா நானே என் தோப்புக்குள்ள போக முடியல."

முகூர்த்தப் பட்டு

தையல்காரிகளுக்குக் கல்யாணப் பிளவுஸ் என்றால் முதல் நாள் தூக்கம் கிடையாது. மறுநாள் காலை முகூர்த்தம். மத்தியானம் பெண்ணின் தாயார் துணி வாங்க வந்து நிற்கிறார். கை வைத்து, ஜரிகைக் கரை வைத்து, முடித்து மடித்து நாற்காலியில் வைத்திருந்தேன். அது சரிந்து கீழே விழுந்திருக்கிறது. செவலை அதன்மேல் படுத்திருக்கிறது. பல் படவில்லை, அழுக்குப் படவில்லை, சும்மா படுத்திருக்கிறது. கையை நீட்டினால் மேலுதடு மட்டும் லேசாகத் தூக்கும்.

கருவாடு காட்டினோம். ஜீப் சத்தம் மாதிரி வாயால் ஓட்டிக்கூடக் காட்டினோம். அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்த அம்மாவும் நானும் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு நாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது எழுந்து, சோம்பல் முறித்து, தண்ணீர் குடிக்கப் போனது. பிளவுஸில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பையில் போட்டுக்கொண்டு வாசல் இறங்கும்போது அந்த அம்மா சொன்னார்: "மாப்பிள்ள வீட்டுக்காரகளக்கூட அரை மணி நேரத்துல பேசி வழிக்குக் கொண்டாந்துட்டேன் விஜயா."

பேச்சியக்கா

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. எனக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கவும் ஹூக் கட்டவும் பேச்சியக்கா வருவார். ஐம்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, விரல் மட்டும் மெஷினை விட வேகம். ஒரு நாள் மத்தியானம் கத்தரிக்கோலை எடுக்க எழுந்தவர், தூங்கிக்கொண்டிருந்த செவலையின் வாலை மிதித்துவிட்டார். கெண்டைக்கால் சதையைப் பிடித்த பிடியை அது விடவில்லை. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அதன் தலையில் கொட்டிய பிறகுதான் விட்டது. தரையெல்லாம் ரத்தமும் தண்ணீரும், அதில் ஊறிய துணித் துண்டுகளும்.

அந்த ஆண்டு நாய்க்குத் தடுப்பூசி போடவில்லை. போட வேண்டும், போட வேண்டும் என்று தள்ளிப் போட்டவள் நான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி, தினமும் ஒன்று. "நாயையும் பத்து நாள் பாத்துக்கிட்டே இருங்க, ஏதாவது மாற்றம் தெரிஞ்சா உடனே வந்து சொல்லுங்க" என்றார். தினமும் அக்காவைக் கைத்தாங்கலாக ஊசிக்குக் கூட்டிப் போவேன். வீட்டுக்கு வந்து செவலை முன்னால் தண்ணீர்ச் சட்டியை வைத்துவிட்டு, குடிக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அது குடிக்கிற ஒவ்வொரு மடக்கும் எனக்குள்ளே இறங்குகிற மாதிரி இருக்கும். கடித்த நாய் பிழைத்திருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

பத்து நாளும் கழிந்தது. நாய்க்கு ஒன்றும் இல்லை. அக்காவுக்கும் காயம் ஆறி வந்தது. என் வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்கே போய், "நீங்க சொல்லுங்கக்கா, மலையில கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார். நானும் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். "அங்கன கொண்டுபோய் விட்டா ஊசி போட வழியில்லாத சனத்தத்தான் கடிக்கும். இங்கனயே கெடக்கட்டும் தம்பி. எனக்குத்தான் ஊசி போட்டாச்சுல்ல."

ஜன்னத் அக்கா

பக்கத்துத் தெரு ஜன்னத் அக்கா மகள்களின் சுடிதார் துணியோடு முதல் தடவை வந்தபோது, வாசலில் நின்று நாயை நேராகப் பார்த்து, "நான் தொழுகைக்குப் போகணும், நீ மேல படக் கூடாது, அங்கிட்டுப் போ" என்றார். குரலை உயர்த்தவில்லை. செவலை எழுந்தது, கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ப் படுத்தது. ஏதோ அன்றைக்கு அதன் மனநிலை என்று நினைத்தேன். அப்புறம் வருஷக்கணக்கில், ஜன்னத் அக்கா தெருமுனையில் வரும்போதே அது எழுந்து கொல்லைக்குப் போய்விடும். அவர் போன பிறகுதான் திரும்பி வரும். எனக்கு ஒரு நாளும் அடங்காதது அவருக்கு எப்படி அடங்கியது என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். "அடங்கல விஜயா. மரியாதையாச் சொன்னேன், கேட்டுக்கிருச்சு, அம்புட்டுதான்" என்றார்.

கொக்கி கழன்ற நாள்

செல்வி என்ற பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். பிளவுஸெல்லாம் இறுக்குகிறது, பிரித்து விடுங்கள் என்று ஒரு முற்பகலில் வந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வருகிறாள் என்று அன்று கருக்கலிலேயே, செவலை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, என் வீட்டுக்காரர் அதற்குச் சங்கிலி மாட்டிவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்தவள் எழ முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பனிக்குடம் உடைந்து தரையெல்லாம் ஈரம். அந்தக் கத்தலில் செவலை சங்கிலியை இழுத்த இழுப்பில் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த கொக்கி கழன்றுவிட்டது. பேச்சியக்கா துணி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. சங்கிலி தரையில் உரசுகிற சத்தத்தோடு அது செல்வியை நோக்கிப் போனது.

பக்கத்தில் போய் நின்று மோந்து பார்த்தது. அவள் வலியில் அதன் கழுத்து ரோமத்தையே கொத்தாகப் பிடித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் பிடி தளரும்வரை அது அசையாமல் நின்றிருந்தது. பிறகு வாசற்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கருப்பையா ஓடி வந்தார். அவர் பின்னால் நாலைந்து பெண்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்; செல்வியைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித்தான் வெளியே போனார்கள். அது ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டது. சாயங்காலம் பெண் குழந்தை என்று சேதி சொல்ல வந்த கருப்பையா, வழக்கம் போலத் தெருவிலேயே நின்றார். செவலை வழக்கம் போல அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. "பாத்தியாம்மா" என்றார் அவர், "காலையில என்னைய உள்ள விட்டது எனக்காக இல்லையாம்."

கடைசி உறுமல்

அதற்குப் பத்து வயது தாண்டிய பிறகு வயிற்றில் கட்டி வந்தது. கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்தார். நிற்கக்கூட முடியாத நாய், மெஷினுக்கடியில் படுத்தபடியே உறுமியதில் அவர் நாற்காலியில் ஏறிவிட்டார். அப்புறம் வாய்க்குத் துணி கட்டித்தான் தொட்டுப் பார்க்க முடிந்தது. ஈரலில் இருக்கிறது, அறுத்தாலும் பலன் இல்லை, கஷ்டப்படாமல் போக வேண்டுமானால் ஊசி போடலாம் என்றார். என் வீட்டுக்காரர் மெஷினுக்கடியில் குனிந்து பார்த்தார். "அது உறுமுறத நிறுத்துனப்பறம் யோசிப்போம் சார்" என்றார். டாக்டர் பையை மூடிக்கொண்டே சொன்னார்: "மாட்டுக்கும் ஆட்டுக்கும் பயப்படாதவன் நான். சாகக் கெடக்குற நாய்க்குப் பயந்து சேர்ல ஏறுனது இதான் மொதத் தடவ."

மறுநாளிலிருந்து அது சோறு தொடவில்லை. கடித்த நாள் முதல் எட்டு வருஷமாக, இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாக தூரம் தள்ளியே உட்கார்ந்து காஜா எடுத்த பேச்சியக்கா, தானாக வந்து அதன் தலைமாட்டில் உட்கார்ந்தார். வெட்டின துணித் துண்டை நீராகாரத்தில் நனைத்து, அதன் வாயோரம் பிழிந்தார். அந்த வாய்க்குள் அவர் விரல் போய்ப் போய் வந்தது. அது நக்கியது. மூன்று நாளும் அவர் கையால் மட்டும்தான் குடித்தது. நான் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கப் போனபோது என்னை ஒரு தடவை கடித்தது. பல்லில் பலமே இல்லை. சும்மா கவ்வி, விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். அது பக்கத்திலேயே இருந்ததால் மெதுவாகத்தான் மிதித்தேன். யாரோ வந்து வாசற்படியில் கால் வைத்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆகி அந்தத் தெருவுக்கு வந்த பெண். முன்னறைக்குள்ளேயே வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்னக்கா, செவலைய எங்கயும் அனுப்பிட்டீகளா? சத்தத்தயே காணோமே" என்றாள். அப்போதுதான் நான் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன்.

வாசல்

கொல்லையில் குழி வெட்டினார் என் வீட்டுக்காரர். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. இரண்டு நாள் ஜீப் எடுக்கவில்லை. நான் மூன்றாம் நாளே மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வது? பெடலை மிதிக்கும்போது பழக்கத்தில் வலது காலை ஒதுக்கியே வைத்திருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கால் நகரவில்லை.

ஒரு மாதம் கழித்து, வாடிக்கைக்காரி ஒருத்தி துணிப் பையோடு தெருவிலேயே நின்று கூப்பிட்டாள். "உள்ள வா, அதுதான் போயிருச்சே" என்றேன். வரவில்லை. வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "தெரியும்க்கா. நானும் அழுதேன். ஆனா கால் தாண்ட மாட்டேங்குது."

இத்தனை வருஷத் தொழிலில் ஊரில் பாதிப் பேருக்கு நான் அளவெடுத்துத் தைத்திருக்கிறேன். மீதிப் பேரைத் தெருவிலேயே நிற்க வைத்துப் பார்த்த மாத்திரத்தில் அளவெடுத்தது செவலைதான், அதன் அளவு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நான்கு பல் தழும்பு இருக்கிற என் இடது கை ஒத்துக்கொள்ளாது.