தம்பிக்கு வாங்கிய மூளை

கும்மிடிப்பூண்டியில் என் பட்டறைக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முழிக்கிற இடத்தில், இரும்புத் தகட்டைக் கண்ணால் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். அளந்து பார்த்தால் மயிரிழைகூடப் பிசகாது. எப்படி என்று கேட்பார்கள். "சின்ன வயசுல ஆட்டு மூள துன்னு வளந்த ஒடம்புய்யா இது" என்பேன். சிரிப்பார்கள். அது திருடித் தின்ற மூளை என்பதை மட்டும் பட்டறையில் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. ஆரணி ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். நைனாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. தம்பிக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. ஒரு தட்டு கீழே விழுந்தால் முதலில் திரும்புகிறவன் அவன்தான். வாய் மட்டும் திறக்காது. பசித்தால் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பான், கோபம் வந்தால் மண்ணில் உருளுவான், அவ்வளவுதான்.

பேசாமலே ஒருத்தன் வீட்டையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ள முடியும் என்பதை நான் அவனிடம்தான் கண்டேன். பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் நான் ஒப்பித்தால் ஒரு தலை நிமிராது. அவன் "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அம்மா அடுப்பை விட்டு ஓடி வருவாள், நைனா மாட்டை விட்டு ஓடி வருவார், பக்கத்து வீட்டுச் சித்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். எனக்கு வயிறு எரியும். நானும் பேச்சை நிறுத்திப் பார்த்தேன், ஒரு நாள் முழுக்க. சாயங்காலம் வரைக்கும் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த மாமா ஆடி மாதத்தில் ஒருநாள் வந்தார். தம்பியின் தலையைத் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிறுதோறும் ஆட்டு மூளையை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தால் பிள்ளையின் மூளை வளர்ந்து பேச்சு தானாக வரும் என்றார். நைனா அதற்கு ஒரு கெடுவும் வைத்தார். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கறி ஏறாது. அதற்குள் பேசவில்லை என்றால் மேற்கே ஓர் ஊரில் சூடு போடுகிறவரிடம் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. அந்த ஆள் மஞ்சள் கொம்பைக் கொளுத்திப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் வைப்பாராம். அதைக் கேட்டதும் அம்மா தம்பியின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆற்று மணலில் நடந்துபோய் ஆரணிக் கறிக்கடையில் மூளை வாங்கி வருவது என் வேலை. கடைக்காரர் மந்தாரை இலையில் மடித்துக் கொடுக்கும்போது தினுசு தினுசாகக் கிண்டல் செய்வார்.

"இன்னாடா, வாரம் தவறாம வர? உங்க ஊட்டுல யாருக்கு மூள பத்தல?"

"தம்பிக்கு, பாய்."

"அப்ப உனுக்கு நெறைய கீதா? எங்க, தலைய காட்டு, தட்டிப் பாக்கறேன்."

கடையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். நான் இலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்துவிடுவேன். கைக்குள் அது வெதுவெதுப்பாக இருக்கும். சுமந்து வருகிறவன் நான், தின்கிறவன் அவன்.

அம்மா இரும்புச் சட்டியில் மிளகு, வெங்காயம் போட்டு அதை வதக்குவாள். தெரு முழுக்க மணக்கும். பிறகு தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, கண் பட்டுவிடும் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குப் பழைய சோறும் கருவாடும். உள்ளே அவள் பேசுவது கேட்கும். தோ காக்கா, தோ அணிலு, தோ அம்மா வாயி, எங்க உன் வாயி என்று ஒரு நாழிகைக்கு நிற்காமல் பேசுவாள். என்னிடம் அவள் பேசுவதெல்லாம் "மாட்டை அவுத்துக் கட்டு", "தண்ணி எடுத்தா" என்ற கணக்கில்தான் இருக்கும். எனக்கு அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த மூளையின் மேல் மட்டும்தான் கண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்ததும் நடவு தொடங்கிவிட்டது. அம்மா வறுத்து வைத்துவிட்டு வயலுக்கு ஓட வேண்டியிருந்தது. போகிறபோது கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"பெரியவனே, ஒயுங்கா ஊட்டு. சும்மா வாயில திணிக்காத. எதனா பேசிக்கினே குடு, அப்பதான் துன்னுவான்."

கதவை நானே சாத்தினேன். தம்பி எதிரே குந்தியிருந்தான். கிண்ணத்தைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். வாயில்லாத பிள்ளை, யாரிடம் போய்ச் சொல்வான்? ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. அவனுக்கு ரசஞ்சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டை கொடுத்தேன். அம்மா சொன்னபடி பேசவும் பேசினேன். ஒவ்வொரு வாய்க்கும் அதே பேச்சு: "மூள அண்ணனுக்கு, சோறு உனுக்கு. மூள அண்ணனுக்கு, சோறு உனுக்கு." நடுநடுவே என் பிரதாபங்களையும் சேர்த்துக்கொண்டேன். வாத்தியார் என்னை மெச்சியது, ஆற்றில் நான் முங்கி எழுந்த தூரம், பெரியவனானதும் நான் ஓட்டப்போகிற லாரி. எங்கள் வீட்டில் நான் சொல்வதை அசையாமல், வாயைப் பார்த்தபடி கேட்ட முதல் ஆள் அவன்தான். அதையும் நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. சாட்சி சொல்ல முடியாத ஆள் கிடைத்தானே என்றுதான் சந்தோஷம்.

மூன்றாவது ஞாயிறு எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் பத்தே நாளில் புரட்டாசி. பற்றி எரியும் மஞ்சள் கொம்பு கண்ணிலேயே நின்றது. போனால் போகிறது என்று ஒரு துண்டை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டான். மறுபடியும் நீட்டினேன். என் கையைப் பிடித்து என் பக்கமே தள்ளினான். நல்லதாகப் போயிற்று, குற்றம் என்மேல் இல்லை என்று நானே தின்றுவிட்டேன்.

கடைசி ஞாயிறன்று விடாத மழை. நடவு நின்றுபோய் நைனாவும் அம்மாவும் வீட்டிலேயே இருந்தார்கள். அம்மா கிண்ணத்தோடு தம்பியை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்று ஓடுவதா இருப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் வைக்கப் போனாள். அவன் அவள் கையைத் தள்ளினான். துண்டைத் தன் விரலால் எடுத்து, என்னை நோக்கி நீட்டினான்.

"மூள... அண்ணனுக்கு."

மழைச் சத்தத்திலும் தெளிவாகக் கேட்டது. அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "யோவ், இங்க வாய்யா! புள்ள பேசறான்யா!" என்று கத்தினாள். நைனா ஈரக் காலோடு ஓடி வந்தார். அவன் இரண்டாம் தடவை, பாடம் ஒப்பிப்பதுபோல, "மூள அண்ணனுக்கு, சோறு உனுக்கு" என்றான். நைனாவுக்கு விஷயம் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. மாடோட்டும் கோலை எடுத்துவிட்டார்.

"திருட்டு நாயே, மூணு வாரமா நீயாடா துன்னுக்கினு இருந்த?"

"அவன வுடுய்யா!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "புள்ள இன்னொரு தபா சொல்லட்டும், கேப்போம்."

சூடு போடுகிற பேச்சு அன்றோடு போயிற்று. சித்தி வந்தாள், தெருவே வந்தது. திருடியவன் நான், மாட்டிக்கொண்டவன் நான், கொண்டாட்டம் மட்டும் அவனுக்கு. என் திருட்டைக்கூட அவன் தன் பெருமையாக்கிக்கொண்டானே என்று எனக்கு நெஞ்சு வெந்தது. அம்மா இன்னொரு கையால் என்னையும் இழுத்தாள். அவள் முந்தானையில் மிளகு வாசனை. திமிறிக்கொண்டு வந்துவிட்டேன். நடவு முடிந்த பிறகும் அவள் ஊட்டுகிற வேலையை என்னிடமே விட்டுவைத்தாள். திருடன் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறாளே, இவ்வளவு ஏமாளியா என்று நினைத்தேன்.

தம்பி பிற்பாடு பஸ் கண்டக்டர் ஆனான். திருவள்ளூர் வண்டியில் அவன் குரல் கடைசி சீட்டு வரைக்கும் போகும். இன்றும் ஊர் விசேஷத்தில் அவன் மைக்கைப் பிடித்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரியத்தான் செய்யும். போன வருஷம் என் பேத்திக்குப் பேச்சு தாமதமானபோது காக்களூர் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். என்ன கொடுப்பது என்பதைவிட, முகத்தைப் பார்த்து நிறையப் பேசுங்கள், சின்ன மூளை அதில்தான் வளரும் என்றார். அப்படியானால் என் தம்பியைப் பேசவைத்தவனே நான்தான் என்று அன்று முழுக்க வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்த மழை நாளில் அவன் விரலில் இருந்த துண்டு இன்னும் என் கண்முன் இருக்கிறது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கிறான் என்றுதான் பத்து வயதில் நினைத்தேன். அவன் எனக்கு ஊட்ட வந்தான். "துன்றா, கொயந்த குடுக்குது இல்ல?" என்று அம்மா சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்கவே இல்லை.