கெட்டிலைப் போடச் சொன்ன இஞ்சினியர்

எங்கள் தென்காசி நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. பின்னறையில் தானாக ஓடிக்கொண்டிருக்க வேண்டிய புரோகிராம் காரணமே இல்லாமல் அடிக்கடி நின்றுபோனது. ஆபரேட்டரான என்மேல் பழியைப் போட்டு, மானேஜர் என்னைப் பஞ்சு அறைக்கு மாற்றிவிட்டார்.

திருநெல்வேலியிலிருந்து சர்வீஸ் இஞ்சினியர் ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. புரோகிராம் நிற்கும்போதெல்லாம் மணி பார்த்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொள்வார்.

நான்காம் நாள் முதலாளி வந்தார். இஞ்சினியர் என்னையும் வரச்சொல்லி, எல்லார் முன்னாலும், "மானேஜர் சார், ஒங்க ரூம்ல டீ போடுத கெட்டில ஆன் பண்ணுங்க" என்றார். மானேஜர் சுவிட்சைப் போட்டார். லைட் மங்கியது, புரோகிராம் நின்றது. முதலாளி திட்டிய திட்டில் மானேஜர் முகம் கறுத்துப்போனது.

இஞ்சினியர் கிளம்பும்போது கேட்டேன். "எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"மொத நாளே."

"பெறகு ஏன் சொல்லல?"

"வந்த அன்னைக்கு ஒங்க மானேஜர் என்னப் பாத்து, 'ஒயர்மேனா? வெளிய நில்லு'ன்னான்லா. மொதலாளி குத்தாலத்துக்குக் குளிக்க வாரது வரைக்கும் காத்துக்கெடந்தேம்மா."

அவர் காத்திருந்த அந்த நாட்களிலெல்லாம் நான் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்தேன். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மானேஜரின் அந்த முகம் நினைவுக்கு வந்து, மனசு இனித்துவிடுகிறது.