கண்ணனுக்குத் தைத்த கவுன்

பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வாங்கிய தையல் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. எந்த நாட்டுத் தாய்மாருக்காக அச்சிட்டார்களோ, ஆரணியில் ஒரு நெசவாளியின் மனைவியிடம் வந்து சேர்ந்தது. அதன் ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை. படங்களும் அங்குலக் கணக்கும் எட்டின. பின்னட்டையில் செருகியிருந்த பெரிய தாள்களில், இத்தனை வயதுக்கு இந்தக் கோடு என்று வரைந்திருப்பார்கள். வேண்டிய கோட்டைச் செய்தித்தாளில் நகலெடுத்து, துணிமேல் பரப்பிக் குண்டூசி குத்தி வெட்டுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகள் உடுத்திய கவுன்கள் எல்லாம் அப்படிப் பிறந்தவையே.

மெஷினை மிதித்தபடியே பாசுரம் சொல்வது என் வழக்கம். பரம்பொருளைப் பிள்ளையாக்கி, நீராட்டவும் பூச்சூட்டவும் கொஞ்சி அழைக்கும் பாசுரங்களில் எனக்குத் தனிப் பற்று. அவற்றைச் சொல்லுகையில் கண் கலங்கும். அந்தக் கலக்கத்தையே பக்தியின் அடையாளம் என்று நம்பியிருந்தேன்.

மகளுக்கு ஐந்து வயதான ஆண்டில், என் கணவர் நெய்த புடவை ஒன்றின் ஒரு பகுதியில் சாயம் சீராகப் பிடிக்காமல் போயிற்று. முதலாளி அந்தப் பகுதியை ஏற்கவில்லை. இரண்டரை கஜம் அரக்குப் பட்டு வீட்டுக்கு வந்தது. ஆவணியில் கண்ணன் பிறந்தநாள் வரவிருந்தது. எங்கள் தெருப் பஜனைக் கோயில் கண்ணனுக்கு ஆண்டுதோறும் உடுப்புத் தைப்பவள் நான். பாதி கண்ணனுக்கு, பாதி உனக்கு என்று மகளிடம் சொன்னேன். அவள் புத்தகத்தைப் பிரித்து, நெடுநாளாகக் கண்வைத்திருந்த படத்தைக் காட்டினாள். உப்பிய கை, குடைபோல விரியும் பாவாடை, முதுகு நெடுகத் திறந்து நாடாவால் முடியும் கவுன். அதையே தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

கோயில் கண்ணன் மரத்தில் செய்தவன். சிறு பிள்ளையின் உயரம். மனித உடம்பில் படும் அளவுநாடாவைத் திருமேனியில் வைக்கலாகாது. ஆகவே பஜனைப் பெரியவர் மஞ்சள் நூலால் அளந்து, மார்புக்கு ஒரு முடிச்சும் உயரத்துக்கு ஒரு முடிச்சும் இட்டுக் கொடுப்பார். மரக்கை மடங்காது என்பதால் உடுப்பு முதுகுப்பக்கம் முழுதும் திறந்திருக்க வேண்டும். அவ்வாண்டு நூலைத் தாள்களின்மேல் வைத்துப் பார்த்தபோது, எல்லா வகையிலும் பொருந்தியது மகள் காட்டிய அந்தக் கவுன்தான். இறைவன் திருவுள்ளம் என்று மகிழ்ந்து வெட்டிவிட்டேன். அவள் அருகில் நின்று வெட்டிய துண்டுகளைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்னோடதாம்மா?"

"சாமியோடது. உன்னுது அப்பறம்."

விழாவுக்கு முந்தைய நாள் பூ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பீரோக் கண்ணாடியின் முன் அந்தக் கவுனை அணிந்து அவள் நின்றிருந்தாள். முதுகு நாடாக்கள் முடியப்படாமல் தொங்கின.

"பாரும்மா, சாமிக்கும் எனக்கும் ஒரே அளவு."

நான் அடிக்கவில்லை, உரக்கப் பேசவுமில்லை. கவுனைக் கழற்றினேன், வெளிச்சத்தில் பிடித்து வியர்வைக் கறை தேடினேன், போய்க் குளி என்றேன். அவ்வளவே. அவள் குளித்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தாள்.

மனிதர் உடுத்துக் களைந்ததைப் பெருமாளுக்குச் சாத்தலாகாது. பெருமாளுக்கென்று நேர்ந்துவிட்டதை, அவருக்குச் சாத்திக் களையுமுன் மனிதர் உடுத்தலாகாது. இரண்டு விதியும் சேர்ந்து அந்தக் கவுனை ஒருவருக்கும் ஆகாததாக்கிவிட்டன. மகளுக்கென வைத்திருந்த மறுபாதியை எடுத்து மாலைக்குள் கண்ணனுக்குத் தைத்து முடித்தேன். முதல் கவுனைக் கோயில் கிணற்றில் சேர்க்கப் புறப்பட்டபோது, என் கணவர் தறியைவிட்டு எழுந்து வந்தார்.

"ஏம்மே, கெணத்துக்கு எதுக்குப் பட்டு?"

நான் நேராகப் போய்க் கவுனைக் கிணற்றில் விட்டேன். திரும்பி வந்தபோது அவர் தறிக்குழியில் இறங்கியிருந்தார்.

விழா முடிந்தபின் பஜனைப் பெரியவரிடம் நடந்ததைப் பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் வாடியது.

"கொழந்த போட்டுக்கினா இன்னாம்மா? அதுவும் அவருதானே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அதன்பின் மகளுக்கு எத்தனையோ கவுன்கள் தைத்தேன். அவள் எதையும் மறுத்ததில்லை. ஆனால் புத்தகத்தை மட்டும் அவள் மீண்டும் தொடவேயில்லை. எந்தப் படம் வேண்டும் என்று கேட்டால், எதுனா தையேன் என்பாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கோ தீபாவளிக்கோ இன்னது வேண்டும் என்று அவள் வாய்திறந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. சொன்னதைக் கேட்கும் பிள்ளை என்று உறவினரிடம் மெச்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் அவள் சேவூரில் வாழ்க்கைப்பட்டு, செய்யாறு கம்பெனி ஒன்றுக்கு ஷிப்ட் போகத் தொடங்கினாள். பெண் ஒருத்தி பிறந்தாள். பேத்திக்கு நான்கு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். இருவரும் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். பேத்திக்குப் பட்டில் ஒரு கவுன் தைத்துத் தரட்டுமா என்றேன்.

"வேணாம்மா. உனக்குக் கண்ணு வலிக்கும். ரெடிமேட்ல வாங்கிக்கிறோம்."

கடுமை சிறிதும் இல்லாமல் சொன்னாள். அந்த மென்மைதான் என்னைப் பேசவைத்தது. அன்று செய்தது பிழை, அந்தப் பட்டை உனக்கே கொடுத்திருக்க வேண்டும் என்றேன். இத்தனை ஆண்டு சுமந்ததை இறக்கிவிட்டதாக நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"பட்டு போனா போவுதும்மா. அன்னிக்குக் கண்ணாடியில முழுசா தெரியல. நீ வந்ததும் கேக்கலாம்னு நின்னுகினு இருந்தேன். எனக்கு நல்லா இருந்துச்சா?"

கண்ணனின் நெற்றிச் சுட்டிக்கும் அரைச் சதங்கைக்கும் ஆயிரம் சொல் அறிந்த நான், என் பிள்ளை கேட்ட ஒன்றுக்குச் சொல் தேடினேன். அந்த நண்பகலைக் கண்முன் கொண்டுவர முயன்றேன். அரக்குப் பட்டு வந்தது. அக்குளில் ஈரம் படிந்த தையல் வந்தது. இடுப்பில் கசங்கிய மடிப்பு வந்தது. கழுத்துப்பட்டிக்கு மேலே இருந்த முகம் மட்டும் வரவில்லை. ரொம்ப அழகாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நா எழவில்லை.

"தெரியலம்மா. நான் உன்னைப் பாக்கவே இல்ல" என்றேன்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு, சரிம்மா என்று சொல்லி, உரித்த கடலையில் தோலை ஊதத் தொடங்கினாள்.