டொக்டரிடம் நான் கதைத்தது

எங்கள் வீட்டில் யாருக்கு வருத்தம் வந்தாலும், அதை டொக்டரிடம் சொல்லும் உரிமை சித்தப்பாவுக்கு மட்டுமே இருந்தது. காய்ச்சல் எனக்கு வரலாம், முழங்கால் வலி அம்மாவுக்கு வரலாம். கதை மட்டும் சித்தப்பாவுடையது. அப்பா ரயில்வேயில் மலைநாட்டுப் பக்கம் வேலையாக இருந்ததால், வெள்ளவத்தை வீட்டுக்கு அவருடைய தம்பியான சித்தப்பாவே ஆண்துணை. கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். பம்பலப்பிட்டியில் இருந்த பறங்கி டொக்டருக்கு இங்கிலீசும் சிங்களமும் தெரியும், தமிழ் தெரியாது. சித்தப்பாவின் இங்கிலீசோ துரைமாரே திரும்பிப் பார்க்கும் இங்கிலீஸ். இதை அவரே எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அது உலகச் சண்டைக்காலம், அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அந்த வருடம் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடி வீட்டுக்கு ஏறும்போது மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சித்தப்பா அவளை டொக்டரிடம் கூட்டிப்போனார். போகுமுன் அம்மா கலியாணவீட்டுக்குப் போகிறவள்போல் பட்டுச்சேலை உடுத்து, பவுடர் பூசி, வாய் சிவக்க வெற்றிலையும் போட்டுக்கொண்டாள். வருத்தக்காரி மாதிரித் தெருவில் இறங்கினால் நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்பது அவள் கட்சி. டொக்டர் சிவந்த நாக்கைப் பார்த்தார். அசீரணம் என்று சித்தப்பா விளக்கியதைக் கேட்டார். ரோஸ் நிறத்தில் தண்ணி மருந்து கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன போத்தலில் அதை நிரப்பி, வேளைக்கு எவ்வளவு என்று தெரியக் காகிதம் வெட்டி ஒட்டித் தந்தார்கள். அப்படி இரண்டு போத்தல் முடிந்தன. அம்மா இரண்டாம் படியிலேயே உட்காரத் தொடங்கினாள்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய் இப்படித்தான் உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் எழும்பாமலே போனவர். அடுத்தமுறை நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசுக்குப் பரிசு வாங்கியிருந்தேன், அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

வாசலில் வைத்து சித்தப்பா அம்மாவிடம், "மச்சாள், நீங்கள் வாய் திறக்க வேண்டாம். எல்லாம் நான் கதைக்கிறன்," என்றார். அம்மாவுக்கு அப்படியொரு எண்ணமே இருக்கவில்லை.

உள்ளே போய், அசீரணம் இப்போது நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று சித்தப்பா நீளமாக எடுத்துரைத்தார். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நெஞ்சைச் சோதிக்கவேண்டும், தயவுசெய்து வெளியே இருங்கள் என்றார். மைத்துனர் அங்கே நிற்பது மரியாதையில்லையே. சித்தப்பா விறாந்தைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்திய பிறகுதான், கதைக்கிற ஆளையே வெளியே அனுப்பிவிட்டது டொக்டருக்கு உறைத்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தாள்.

"என்னிடம் கேளுங்கள், டொக்டர். நான் சொல்வேன்," என்றேன் இங்கிலீசில்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, சரி, அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். வெட்கமே படாமல் சொல்லத் தொடங்கினேன். முதலில் மூன்றாம் படி, இப்போது இரண்டாம் படி. வயிற்றுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாய் சிவந்திருப்பது வெற்றிலையால். டொக்டர் பஞ்சை நனைத்துக் கொடுத்து அம்மாவின் உதட்டைத் துடைக்கச் சொன்னார். சாயம் போனதும் உதடு வெளுத்திருந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அங்கும் சிவப்பில்லை.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

"நல்லாச் சாப்பிடுறன் எண்டு சொல்லு."

நான் டொக்டரிடம் திரும்பி, "நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லச் சொல்கிறா. ஆனால் நான் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்கும் எனக்கும் போட்ட பிறகு பானையைச் சுரண்டுகிற சத்தம்தான் கேட்கும்," என்றேன்.

அம்மாவுக்கு இங்கிலீஸ் தெரியாவிட்டாலும் கணக்குத் தெரியும். "நான் சொன்னது நாலு சொல்லு. நீ என்னடி இவ்வளவு நீட்டுறாய்?" என்று என் தொடையில் கிள்ளினாள். நான் அசையவில்லை. அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷமாக இருந்தவர் கொழும்பில் வேறு ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அசீரணமில்லை, இரத்தம் குறைந்துபோயிருக்கிறது, இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்றார் டொக்டர். இரும்புச்சத்து மருந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையும் எழுதிக்கொடுத்தார். சித்தப்பா போத்தலை வாங்கிக்கொண்டு, நெஞ்சுக்கு ஏறியதென்று தான் சொன்னபடியால்தான் விஷயம் பிடிபட்டது என்று காலி வீதி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனாலும் மனுசன் நல்லவர். அந்தத் தட்டுப்பாட்டிலும் எங்கெங்கோ அலைந்து முட்டை கொண்டுவந்து சேர்த்தார்.

பின்னேரங்களில் சித்தப்பா கந்தோரிலிருந்து வருமுன் அம்மா அந்த முட்டையை அவிப்பாள். கோதுடைத்து, தையல் நூலால் பாதியாக அறுத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி, ஒரு பாதியை என் கையில் வைப்பாள்.

"இந்தா, டொக்டரோட கதைச்சதுக்கு."

உழைத்துச் சாப்பிடுகிறவளின் பெருமையோடு அதைச் சாப்பிடுவேன்.

அம்மா தேறினாள், ஆனால் மெதுவாக. இரண்டு மாதம் கழித்துப் போனபோது, டொக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். இதற்குள் இன்னும் நன்றாகியிருக்கவேண்டுமே, ஒவ்வொரு நாளும் முட்டை சாப்பிடுகிறாளா என்று, சித்தப்பா பக்கத்தில் இருக்கும்போதே, என்னைக் கேட்டார். இந்தமுறை அம்மாவிடம் கேட்கவேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறா, டொக்டர். நான் என் கண்ணாலேயே பார்க்கிறேன்," என்று அடித்துச் சொன்னேன்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"முட்டை சாப்பிடுறனீங்களோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொன்னனான்."

அம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி," என்றாள். டொக்டர் யோசித்துவிட்டு மருந்தைக் கூட்டி எழுதினார்.

அன்று பின்னேரமும் அம்மா நூலை எடுத்தாள். மூன்றாம் படியையும் வெற்றிலையையும் விடாமல் சொன்னவள் நான். டொக்டருக்குச் சொல்லியிருக்கவேண்டியது என் கையிலேயே இருந்தது எனக்குத் தெரியவில்லை. பெரிய பாதி எது என்று பார்த்து எடுத்துக்கொண்டேன்.