மரம் வைக்கிறவர்

பிள்ளைகளே, உங்கள் அப்பா மரம் நட்டவன் அல்ல. பாப்பா, நீ ஏழாவது படித்தபோது உன் வகுப்பு முழுவதும் எனக்குக் கை தட்டியதே, அது எனக்கு வரவேண்டியது இல்லை. தம்பி அப்போது கைக்குழந்தை. அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சுரங்கம் மூடுவதற்கு முந்தின வருடம் அது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் எனக்கு டிம்பர் வேலை. பாறையைக் குடைந்த இடத்தில் மேல்பக்கம் இடிந்து விழாமல் இருக்கத் தடித்த மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். மரத்துக்கும் பாறைக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்குவோம். அதைத்தான் எங்கள் ஆட்கள் ‘மரம் வெக்கிறது’ என்பார்கள். ஷிப்ட் முடிந்து, மேலே தூக்கிவரும் கேஜில் ஏறும்போது, “இன்னிக்கு எத்தினி வெச்ச?” என்று கேட்டுக்கொள்வோம். வீட்டிலும் அதே பேச்சுதான்.

அதனால், வீட்டில் யாருக்காவது மரத்தோடு சம்பந்தம் உண்டா என்று உன் டீச்சர் கேட்டபோது, “எங்கப்பா தெனமும் மரம் வெக்கிறாரு” என்று நீ சொன்னதில் பொய்யே இல்லை. டீச்சர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டி வா, பேசச் சொல்லலாம் என்றாராம்.

கூட வேலை செய்தவரிடம் சொன்னேன்.

“இன்னாபா, மாலை எல்லாம் போடுவாங்களா?” என்று சிரித்தார். “வெச்சதுல ஒண்ணாவது துளிர் வுட்டுச்சான்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

கேலி என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஓர் ஆப்பையும் சின்ன சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்தேன். பள்ளி முற்றத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள் வரிசையாக இருந்தன. அப்போதுதான் புரிந்தது. பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் பாடம் சொன்னார். மரம் காற்றிலிருக்கிற கரியை இழுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. காட்டை வெட்டி எரித்தால் அத்தனையும் திரும்பக் காற்றுக்குப் போய்விடும், பூமி சூடாகும். வெட்டின இடத்தைச் சும்மா விட்டால் காடு மறுபடி வளரும், கரியையும் மறுபடி இழுக்கும். ஆனால் பழைய காடு சேர்த்து வைத்திருந்த அளவுக்கு வர ஒரு மனிதன் ஆயுசு போதாது.

எங்களுக்கு மரம் மலைநாட்டுப் பக்கமிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது. வெட்டின இடத்தை ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

“சார், இதுவரைக்கும் எத்தனை மரம் வெச்சிருப்பீங்க?” என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

நீ முதல் பெஞ்சில் இருந்தாய். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் வகுப்பு முன்னால் நீ பொய்க்காரி ஆகிவிடுவாய் என்று நினைத்தேன். அது பாதி. எனக்கும் வெட்கமாக இருந்தது.

“எண்ணல டீச்சர். இருபது வருஷமா வெக்கிறேன்.”

கை தட்டினார்கள். என் கையால் ஒரு புங்கங்கன்றும் வைக்கச் சொன்னார்கள். வைத்து, மண்ணைக் குதிகாலால் மிதித்து மிதித்து இறுக்கி, நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். முட்டு மரத்தை அப்படித்தான் பார்ப்போம்.

“ஐயோ சார், அவ்ளோ மிதிக்காதீங்க. வேர் மூச்சு விட வேணாமா?” என்றார் டீச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வழியாக நாம் வீட்டுக்கு நடந்து வந்தோம்.

“எப்பா, நீ வெச்ச மரமெல்லாம் எங்க கீது?”

“கீழ கீது.”

“ஒருநாள் கூட்டிகினு போறியா?”

“உன்னெல்லாம் கேஜ்ல வுடமாட்டாங்க பாப்பா.”

“பையில இன்னாப்பா?”

“ஒண்ணுமில்ல.”

என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாய். எனக்கு அழுகையும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. கால் நடந்தது, வீடு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டுக்கு மரம் அறுத்தபின் மிஞ்சும் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். நீங்கள் குளித்த வெந்நீரெல்லாம் அந்தத் துண்டுகளில் காய்ந்ததுதான். கீழே வைத்ததாவது, சுரங்கம் மூடினபின் ஏறின தண்ணீரில் இன்றைக்கு மூழ்கி, கரியை வைத்துக்கொண்டு கிடக்கிறதோ என்னவோ. வீட்டுக்கு வந்தது அப்படியே புகையாகப் போனது.

பள்ளிக்குப் போய்வந்த மறுநாள் விடிந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். மார்கழிக் குளிர். வெந்நீர் போடாமல் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். துவட்டிவிட்டு அடுப்பெதிரில் உட்கார்ந்தேன். நீங்கள் குளிக்க வேண்டுமே. பையிலிருந்த ஆப்பை எடுத்து முதலில் அதை அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது.