லைனில் ஆள் இருக்கு

கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பெனியில் நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். போன் அடித்தால் எடுப்பது, கேட்கிற ஆளுக்குக் கொடுப்பது. தலை நரைக்கும்வரை இதைத்தான் செய்தேன். பிறகு எனக்குப் பதிலாக ஒரு பதிவுக் குரலை வைத்தார்கள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்லும் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், தடிமன் காய்ச்சல் வராது. அவளோடு நான் எங்கே போட்டி போடுவது?

வேறு வேலை தேடி சில இன்டர்வியூக்களுக்குப் போனேன். எல்லா இடத்திலும் என் மகள் வயதுப் பிள்ளைகள் இருந்து, கம்ப்யூட்டரில் அது தெரியுமா, இது தெரியுமா என்று மரியாதையாகவே கேட்டார்கள். தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நானே நம்பிவிட்டேன். வெள்ளவத்தை பிளாட்டில் போன் அடித்தால் எடுக்கமாட்டேன். கணவர் எடுக்கட்டும் என்று குசினிக்குள் அடுப்போடு நின்றுவிடுவேன்.

"உம்மட குரலைக் கேட்டுக் கனகாலம்" என்று கணவர் பகிடி விட்டார். சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதியின் அம்மா இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் அருகருகே இருந்த சிநேகிதி. போகாமல் இருக்க முடியாது. பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் திறந்தபடி சவப்பெட்டி. அதன் தலைமாட்டில் அவள் இருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. பிரான்சில் இருக்கிறான். அவனுடைய விசா இன்னும் சரிவரவில்லை, அதனால் வர வழியில்லை. காலையில் அவள்தான் அவனுக்குச் செய்தியைச் சொல்லியிருக்கிறாள். சொன்னதும் போன் கட்டாகிவிட்டதாம். பிறகு எத்தனை தரம் அழைத்தும் பதில் இல்லை.

"அவன் தனிய இருக்கிறானடி. என்ன செய்யிறானோ தெரியேல்ல" என்றாள். அம்மா போன துக்கத்துக்கு மேலாக, தம்பிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

வீட்டுப் போன் ஓயாமல் அடித்தது. பழைய கோட்லெஸ் போன், யார் அழைக்கிறார்கள் என்று நம்பர் காட்டாது. அதைச் சிநேகிதியின் கணவர் கையில் வைத்திருந்தார். தங்கமான மனிதர், ஆனால் போனில் கதைக்கத் தெரியாது. "ஓம், மாமி மோசம் போயிட்டா. நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறம்" என்று ரேடியோ செய்தி மாதிரி ஒப்புவித்தார். மறுபக்கம் ஓலம் எழும்பும்போதே வைத்துவிட்டார். இடையிடையே "ஹலோ, ஹலோ!" என்று கத்தினார். "ஒருத்தரும் கதைக்கினமில்லை. லைன் பிழை" என்று எரிச்சலோடு அதையும் வைத்தார்.

பந்தல்காரர் கூப்பிட, போனை என் பக்கத்துக் கதிரையில் போட்டுவிட்டுப் போனார். அது திரும்ப அடித்தது. யோசிக்க முதலே கை எடுத்துவிட்டது.

கனடாவில் இருந்து சிநேகிதியின் பெரியம்மா ஒருவர். நான் அவரை அழ விட்டேன். அழுகிறவர்களிடம் நேரம், இடம் சொல்லிப் பயனில்லை. அழுது, மூக்கை உறிஞ்சி, "பிள்ளை..." என்று அவர்களாகத் தொடங்கும்போதுதான் காது திறக்கும். அதுவரை "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் கடைசியில் ஆறுதலாகவே வைத்தார். என் குரல் அதன் பாட்டுக்கு வேலை செய்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த அழைப்பில் சத்தமே இல்லை.

"அதுதான் அந்தப் பிழை லைன், வையுங்கோ" என்றார் திரும்பி வந்த சிநேகிதியின் கணவர்.

நான் வைக்கவில்லை. கட்டான லைன் மொட்டையாக இருக்கும். ஆள் இருக்கிற லைனில் ஒரு காற்று இருக்கும். இதில் காற்று இருந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டார்கள்.

"இல்லை அண்ணை, லைன்ல ஆள் இருக்கு. எனக்குத் தெரியும்" என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் வாயில் வந்த 'தெரியும்' அது.

"தம்பியோ?" என்று கேட்டேன். "நான் அக்காவின்ர சிநேகிதி. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் வைக்கமாட்டன்."

காத்திருந்தேன். சிநேகிதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலையசைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் ஒரு அடைத்த குரல் வந்தது. "அம்மாட்டக் குடுங்கோ."

பழக்கத்தில் கேட்டானா, தெரிந்துதான் கேட்டானா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆள் இல்லாதபோது சொல்வதற்கு ஒஃபிஸில் நூறு பதில் வைத்திருந்தேன். ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. எழும்பிப் பெட்டியடிக்குப் போனேன். சிநேகிதி விலகி இடம் விட்டாள். குனிந்து போனை அம்மாவின் காதோடு வைத்தேன்.

"குடுத்திருக்கிறன் தம்பி. கதையுங்கோ."

குனிந்து நின்ற எனக்கும் அவன் மூச்சு கேட்டது. பிறகு அவன் சொன்னான்: "அம்மா, நான் சாப்பிட்டிட்டன்."

அதோடு அவன் உடைந்தான். சிநேகிதி பாய்ந்து வந்து, அம்மாவின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து, போனுக்குள் "தம்பி, தம்பி" என்று கதறினாள். "அக்கா" என்று அவனும் கதறினான். ஒரு போனில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள். என் கண்ணீர் பெட்டியின் விளிம்பில் விழுந்தது. குனிந்தபடி நின்றதில் முதுகு விறைத்துவிட்டது.

"கை நோகும், நான் பிடிக்கட்டோ?" என்று சிநேகிதியின் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணை" என்றேன். "இது என்ர வேலை."